ஆழத்துக்கு எது சரி: ஜிக்கா, இரைத் தூண்டிலா, இழுவையா?

தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கிவிட்டால் திருகோணமலையில் எங்கள் வீட்டுப் பேச்சு முழுக்க இதுதான். விடியமுன் போட்டை இறக்கி, வெயிலோடு காற்று ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும், கையில் இருப்பது நாலைந்து மணித்தியாலம். அதற்குள் ஆழத்து மீனை எப்படி எடுப்பது?

டொரொண்டோவில் இருக்கிற என் மருமகன் லீவில் வந்தபோது ஒரு பெட்டி நிறைய ஜிக் கொண்டுவந்தான். நீளமான ஈயக்கட்டிக்கு மீன் மாதிரிப் பளபளப்பு பூசி, மேல்வளையத்தில் தூண்டில் கட்டியிருக்கும், அவ்வளவுதான். அங்கே சிம்கோ ஏரியில் அவன் லேக் ட்ரவுட் பிடிப்பவன். "மாமா, கோடையில அது நல்ல ஆழத்துக்குப் போயிரும், நாங்க நேரா கீழ இறக்கித் துள்ள வைப்பம்" என்றான். ஏரியின் மேல்தண்ணீர் கோடையில் சூடாகிவிடும், அந்த மீனுக்கு ஏறக்குறைய பத்துப் பாகைக் குளிர் வேண்டும், அதனால் குளிர்ந்த அடித்தண்ணீரில் போய் நிற்கும். அதே வேலை இங்கே எடுபடுமா என்று அந்தப் பருவம் முழுக்கப் பார்த்தோம். மூன்று முறையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் இழுவை, அதாவது போட்டை ஓட்டிக்கொண்டே பின்னால் இரையை இழுப்பது. அறக்குளாவுக்கும் சூரைக்கும் இதை அடிக்க வேறொன்றில்லை, ஆனால் அவை மேல்தண்ணீர் மீன்கள். ஆழத்துக்கு இறக்க வேண்டுமென்றால் நாலைந்து கிலோ உருண்டையைக் கம்பியில் தொங்கவிடும் டவுன்ரிகர் வேண்டும். சிம்கோவில் அது சாதாரணமாம், மீன் எந்த மூலையில் நிற்கிறது என்று தெரியாதபோது பெரிய ஏரியைத் தேடிப் பார்க்க அதுதான் வழி என்கிறான். இங்கே எங்கள் மீன் பாரோடு, அதாவது கடலடிக் கல்திட்டோடு, ஒட்டிக் கிடக்கும், பார் எங்கே என்பது அப்பா காலத்திலிருந்தே தெரியும், அப்புறம் எதைத் தேடுவது? அந்த உருண்டை கல்லில் மாட்டினால் பாடு சொல்லி மாளாது. எண்ணெய்ச் செலவு வேறு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனதிலிருந்து, இன்ஜினை ஓடவிட்டபடி மீன் பிடிப்பதை யோசித்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. ஆழத்துக்கு இழுவை வேண்டாம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

இரைத் தூண்டில் எங்கள் பரம்பரை வேலை. தங்கூசிக் கயிறு (நைலோன் நரம்பு), ஈயம், ஒரு துண்டுக் கணவாய். செலவு குறைவு, கல்லில் அறுந்தாலும் மனம் நோகாது. கலவாயும் விளைமீனும் வாசனைக்கு வரும், இருட்டிலும் வரும். இரவில் விளைமீனுக்கு ஜிக் போட்டுக்கொண்டிருப்பது வீண். ஆனால் அறுபது, எழுபது மீட்டருக்குக் கீழே தங்கூசி ரப்பர் மாதிரி இழுபடுகிறது. மீன் தொட்டதா, நீரோட்டம் இழுத்ததா என்று பிரித்துச் சொல்ல விரலுக்கு வருடக்கணக்கான பழக்கம் வேண்டும். சின்ன மீன்கள் இரையைக் கொத்தித் தின்றுவிட்டு வெறும் தூண்டிலை விட்டுப் போவது தெரியாமலே அரை மணித்தியாலம் இருந்துவிடலாம்.

ஜிக்கில் அந்தச் சிக்கல் இல்லை, இரையே இல்லையே. ஜிக்குக்குக் கட்டுகிற பின்னல் நூல் இழுபடாது, ஈயம் மணலில் விழுந்ததா கல்லில் விழுந்ததா என்பதுகூடக் கைக்குத் தெரிகிறது, முதல் நாள் அதைக் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மருமகன் கொண்டுவந்ததில் பாதி இங்கே உதவவில்லை. ஏரியில் முப்பது கிராம் போதும், எங்கள் நீரோட்டத்தில் அது பாதி வழியிலேயே ஓரமாக அடித்துக்கொண்டு போகும். அறுபது மீட்டருக்கு நூற்றைம்பது, இருநூறு கிராம் போட்டால்தான் நூல் நேராக நின்றது. நூல் சரிந்தால் இந்த முறையே இல்லை. நீங்கள் தூக்குவது நூலின் வளைவைத்தான், கீழே ஜிக் அசையவே அசையாது. கச்சான் போட்டை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதனால் பாருக்குக் கொஞ்சம் கரைப்பக்கமாகப் போய் இன்ஜினை நிறுத்தி, மிதந்தபடி பாரைக் கடக்க வேண்டும், கடந்ததும் திரும்பவும் கரைப்பக்கம் வர வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், தரையிலிருந்து அடிக்கிற காற்றில் இன்ஜின் நின்றால் போட் எங்கே போகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

லேக் ட்ரவுட் ஜிக்கைத் துரத்திக்கொண்டு மேலே வருமாம், அதனால் வேகமாகச் சுற்றச் சொன்னான். பாரை மீனுக்கு அது அப்படியே பொருந்தியது, சுற்றுவதை நிறுத்தினால் திரும்பிப் போய்விடுகிறது, விடாமல் சுற்றினால் அடிக்கிறது. கலவாய் வேறு. மெதுவாக ஒரு முழம் தூக்கிவிட்டு ஜிக்கைச் சாய்ந்து விழவிட வேண்டும், விழும்போதுதான் வாங்குகிறது. வாங்கியதும் முதல் மூன்று மீட்டரை விட்டுக்கொடுத்தால் பொந்துக்குள் போய்விடும், ஜிக்கும் போச்சு. ஒரு ஜிக்கின் விலைக்குத் தங்கூசிக் கயிறு எத்தனை வாங்கலாம் என்று நினைத்தால் அந்த இடத்தில் வயிறு எரியும்.

இன்னொன்று, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லேக் ட்ரவுட்டின் காற்றுப்பைக்குத் தொண்டைப் பக்கம் ஒரு குழாய் இருக்கிறது, மேலே வரும்போது காற்றை ஏப்பம் மாதிரி விட்டுவிடும், அதனால் பிடித்துத் திரும்ப விட்டால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. கலவாய்க்கு அந்தக் குழாய் இல்லை. அறுபது மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல ஏழு மடங்கு, தூக்கினால் உள்ளே இருக்கிற காற்று அத்தனை மடங்கு விரியும். கண் பிதுங்கி, வயிறு ஊதி மிதக்கிற குட்டிக் கலவாயைத் தண்ணீரில் விட்டாலும் அது கீழே போக முடியாது. அதனால் பாரில் குட்டிகளாக ஏறத் தொடங்கினால் இடத்தை மாற்றிவிடுகிறேன், ஜிக்கானாலும் இரையானாலும். வெடி வைத்து உடைத்த பார்களில் மீன் திரும்ப எத்தனை காலம் எடுக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் இது.

விடிகாலையில், பார் தெரிந்த இடத்தில், நீரோட்டம் அளவாக இருந்தால் ஜிக்கைத்தான் எடுப்பேன். பாரை மீனுக்கு யோசிக்கவே வேண்டாம். நீரோட்டம் பிடித்து இருநூறு கிராமும் நிற்காத நாளிலும், இரவிலும் கணவாய்த் துண்டுதான். புதிதாகத் தொடங்குபவர் முதலில் ஒரு பருவம் கைக்கயிறு பிடித்துப் பழகட்டும், பாரின் மேடு பள்ளம் விரலில் பதிந்த பிறகு ஜிக் வாங்கினால் பாதிச் செலவு மிச்சம். கொட்டியாரக்குடாவிலிருந்து வெளியே போகிற அந்தப் பெரிய கடற்பள்ளத்தின் விளிம்பில், சின்ன போட் போகிற தூரத்திலேயே ஆழம் திடீரென்று நூற்றுக்கணக்கான மீட்டருக்குப் போய்விடும். அங்கே இன்னும் ஜிக் இறக்கிப் பார்க்கவில்லை. முந்நூறு கிராம் கட்டிகள் நாலு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.