ஐகான் எல்லாம் ஒரே மாதிரி மாறிவிட்டதா? ஃபார்மேட்டுக்குத் தலையாட்டிவிடாதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் போன மாதம் 390 வெள்ளியையும் (ரிங்கிட்) பேரப்பிள்ளைகளின் படங்களையும் ஒரு கணினிக் கடையில் பறிகொடுத்தார். அவருடைய லேப்டாப்பில் இருந்தது பத்து நிமிடத்தில் தீரும் கோளாறு. அவர் புகார் கொடுக்கப்போவதால் கடையின் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

விண்டோஸ் 7 போட்ட பழைய லேப்டாப் அது. ஒருநாள் திறந்தால், டெஸ்க்டாப்பில் இருந்த புரோகிராம் ஐகான் அத்தனையும் சிவப்பு பிடிஎஃப் படமாக மாறியிருந்தன. எதைத் தட்டினாலும் பிடிஎஃப் ரீடர் வந்து, "இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை" என்றது. கடைப் பையன் திரையைப் பார்த்ததும், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்ற வேண்டும் என்ற பொருளில் சொன்னானாம்: "டீச்சர், வைரஸ் முழுக்க ஏறிருச்சு. ஃபார்மேட் பண்ணாத்தான் சரிவரும்."

"தம்பி, படமெல்லாம் உள்ள இருக்குப்பா."

"அதெல்லாம் எடுத்து வச்சிருவோம் டீச்சர்."

பில்லில் நான்கு வரிகள்: ஃபார்மேட் 80, விண்டோஸ் 150, வைரஸ் நீக்கம் 60, டேட்டா சேமிப்பு 100. எடுத்து வைத்தது டி டிரைவை மட்டும். படங்கள் இருந்ததோ டெஸ்க்டாப்பிலும் மை பிக்சர்ஸிலும். அவை இரண்டும் சி டிரைவில் இருப்பவை. விண்டோஸுக்கு வாங்கிய 150 வெள்ளி அப்பட்டமான ஏமாற்று. லேப்டாப்பின் அடியிலேயே விண்டோஸ் 7 லைசென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டுத் திருட்டு ஆக்டிவேஷன் போட்ட பிரதியை ஏற்றியிருக்கிறார்கள்.

உண்மையில் என்ன கெட்டிருந்தது? டெஸ்க்டாப்பில் இருக்கும் அந்த ஐகான்கள் புரோகிராம்கள் அல்ல, புரோகிராம் இருக்கும் இடத்தைச் சுட்டும் ஷார்ட்கட்கள். ஒவ்வொன்றும் .எல்என்கே (.lnk) என்று முடியும் சின்னக் கோப்பு. எந்த வகைக் கோப்பை எது திறக்க வேண்டும் என்பதை, தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் விண்டோஸ் எழுதி வைத்திருக்கும். 'ஓப்பன் வித்' பெட்டியில் தவறான புரோகிராமைத் தேர்ந்து, 'எப்போதும் இதையே பயன்படுத்து' என்ற டிக்கையும் எடுக்காமல் விட்டுவிட்டால், .எல்என்கே வகை முழுவதும் அந்தப் புரோகிராமின் கைக்குப் போய்விடும். ஹார்ட்டிஸ்க்குக்கும் படங்களுக்கும் ஒரு கேடும் இல்லை.

சோதிப்பது எளிது. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் நோட்பேட் (notepad) என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். நோட்பேட் ஒழுங்காகத் திறந்தால் புரோகிராம்கள் நலம், ஷார்ட்கட் மட்டும்தான் கெட்டிருக்கிறது. இன்னொரு சோதனை: புதிய யூசர் அக்கவுண்ட் ஒன்றை உருவாக்கி அதில் நுழையுங்கள். அங்கே ஐகான் எல்லாம் சரியாக இருந்தால், கோளாறு உங்கள் அக்கவுண்டின் பதிவில் மட்டும். பிறகு யார் ஃபார்மேட் என்றாலும் லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

ஷார்ட்கட் மட்டும் கெட்டிருந்தால் அதே ரன் பெட்டியில் ரெஜ்எடிட் (regedit) என்று தட்டி, ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் புரோகிராமைத் திறங்கள். கரண்ட் யூசர் (HKEY_CURRENT_USER) கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், ஃபைல்எக்ஸ்ட்ஸ் என்று வரிசையாக இறங்கினால் .எல்என்கே தெரியும். அதை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். பிறகு அதன் உள்ளே இருக்கும் யூசர்சாய்ஸ் என்ற கிளையை மட்டும் அழித்துவிட்டு, லாக் ஆஃப் செய்து திரும்ப நுழையுங்கள். ஐகான்கள் பழையபடி வந்துவிடும்.

நோட்பேடும் திறக்காமல், புரோகிராம் கோப்புகளின் வகையான .இஎக்ஸ்இ (.exe) கெட்டிருந்தால் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் ரெஜ்எடிட்டும் ஒரு இஎக்ஸ்இதான், அதுவே திறக்காது. சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரில் இருக்கும் ரெஜ்எடிட் கோப்பை டெஸ்க்டாப்புக்குக் காப்பி செய்து, அந்தக் காப்பியின் முடிவை .காம் (.com) என்று மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் திறக்கும். கிளாசஸ் ரூட் (HKEY_CLASSES_ROOT) கிளையில் இஎக்ஸ்இஃபைல், ஷெல், ஓப்பன், கமாண்ட் என்று போய்ப் பாருங்கள். அங்கே டிஃபால்ட் மதிப்பு இவ்வளவுதான் இருக்க வேண்டும்:

"%1" %*

இதற்கு முன்னால் வேறு கோப்பின் பெயர் உட்கார்ந்திருந்தால் அது வைரஸ் செய்த வேலை. எதைத் திறந்தாலும் தான் முதலில் ஓட வேண்டும் என்று அப்படி எழுதி வைக்கும். ஆன்டிவைரஸ் அந்தக் கோப்பை அழித்துவிட்டு வரியைத் திருத்தாமல் விட்டால் எந்தப் புரோகிராமும் திறக்காது. கரண்ட் யூசரின் சாஃப்ட்வேர், கிளாசஸ் உள்ளேயும் பாருங்கள். அங்கே எழுதியிருப்பதுதான் முதலில் செல்லும். இந்த நிலையில் வைரஸ் ஸ்கேன் அவசியம், ஃபார்மேட் கடைசி வழி.

விண்டோஸ் 10, 11இல் பிடிஎஃப், படம் போன்றவை தவறான புரோகிராமில் திறந்தால் ரெஜிஸ்ட்ரி பக்கமே போக வேண்டாம். செட்டிங்ஸில் டிஃபால்ட் ஆப்ஸ் போய் மாற்றுங்கள், ரீசெட்டும் அங்கேயே இருக்கிறது.

ஏற்கெனவே ஃபார்மேட் ஆகிவிட்டது என்றால் லேப்டாப்பை உடனே அணைத்துவிடுங்கள். புதிய விண்டோஸ் ஒவ்வொரு முறை ஓடும்போதும் பழைய படங்கள் இருந்த இடத்தின் மேல் எழுதிக்கொண்டே போகும். சுழலும் ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டி, மீட்பு மென்பொருளால் தேடினால் மேலெழுதப்படாத படங்களை எடுக்க முடியும். சுழலும் தட்டு இல்லாத புதுவகை எஸ்எஸ்டி என்றால் பெரும்பாலும் கிடைக்காது. அழித்த இடத்தை அதுவே காலி செய்துவிடும். டீச்சருடையது ஹார்ட்டிஸ்க். இப்போது அது கழற்றிய நிலையில் இருக்கிறது.

பணத்துக்கு, மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டியதில்லை, சம்பவம் நடந்து 3 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பில், வாட்ஸ்அப் பேச்சு, லைசென்ஸ் ஸ்டிக்கரின் படம் மூன்றையும் டீச்சர் எடுத்து வைத்துவிட்டார். பில் தராத கடையில் லேப்டாப்பை விடாதீர்கள். விடும்போதே அந்தத் தாளில் "என்னைக் கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது" என்று எழுதி, கடைக்காரரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.