பஜனைக் குழுவுக்கு ஒரு ஸ்பீக்கர்: போஸ் எஸ்1 புரோவோடு சில ஆண்டுகள்

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் பஜனைக் குழுவில் பாடுபவர்கள் மூவர். ஆர்மோனியமும் மிருதங்கமும் உண்டு. நவராத்திரி சமயத்தில் கோயில் மண்டபம், மற்ற நாள்களில் சமூக மன்ற அறை, யார் வீட்டிலாவது விசேஷம் என்றால் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் திறந்த கீழ்த்தளம். வேன் கிடையாது, மைக் செட்டுக்குத் தனி ஆளும் கிடையாது. ஒருவரே தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறக்கூடிய ஸ்பீக்கர்தான் எங்களுக்குத் தேவைப்பட்டது. 2019 முதல் போஸ் எஸ்1 புரோ எங்களோடு இருக்கிறது. பேட்டரியோடு சேர்த்து ஏழு கிலோ சொச்சம்.

வாங்க நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். வாட்ஸ் இரண்டு மடங்கானாலும் ஒலி 3 டெசிபெல்தான் கூடும்; காதுக்கு அது சின்ன வித்தியாசம். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறைந்துவிடும். அதனால் ஸ்பீக்கரைத் தரையில் வைத்துவிட்டு வால்யூமைத் திருகிக்கொண்டே போவதால் பயனில்லை. ஸ்டாண்டில் ஏற்றி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே வைத்தாலே பின்வரிசை வரை போகும். என்னைக் கேட்டால், முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு: கடைசி வரிசைக்குச் சாகித்யம் புரிகிறதா, பாடுபவருக்குத் தன் குரல் கேட்கிறதா. தன் குரல் கேட்காதவர் கத்திப் பாடுவார்; கத்தினால் சுருதி விலகும்.

இதற்குச் சரியான சோதனைக்களம் புளோக் கீழ்த்தளம். தலைக்கு மேல் தாழ்ந்த கான்கிரீட், கீழே சிமெண்டுத் தரை, பக்கத்தில் லிஃப்ட் சுவர். ஒலி எதில் பட்டாலும் திரும்பி வரும். ஒரு சொல்லின் கடைசி எழுத்து அடுத்த சொல்லின் தலையில் ஏறிவிடும். அங்கே நான் முதலில் செய்வது, எதிரொலி சேர்க்கும் ரிவர்ப் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோவதுதான். எதிரொலியைக் கட்டடமே கொடுக்கிறது. அடுத்தது பேஸை, அதாவது கனத்த அடித்தொனியை, குறைப்பது. ஸ்பீக்கரை எதிர்ச்சுவரைப் பார்த்து வைக்காமல், திறந்திருக்கும் பக்கம் பார்த்துத் திருப்பிவிடுவேன். மிருதங்கத்துக்கு மைக் வைப்பதே இல்லை. தொப்பியின் (இடப்பக்கத்தின்) நாதம் தானாகவே இடத்தை நிரப்பிவிடும். குரலை அதற்கு ஈடாக உயர்த்தினால் போதும். மண்டபத்தில் மட்டும் வலந்தலைப் பக்கம் (வலப்பக்கம்) ஒரு மைக்.

எஸ்1 புரோவை நாலு விதமாக வைக்கலாம். எப்படி வைத்திருக்கிறோம் என்பதை அதுவே உணர்ந்து ஒலியைச் சரிசெய்துகொள்ளும். சின்ன அறையில் சாய்த்துப் படுக்கவைத்து, பாடுபவருக்கு எதிரே, அவர் தன் குரலைக் கேட்க மானிட்டராகவும் பயன்படுத்தியிருக்கிறோம். எங்கள் மைக் ஷூர் எஸ்எம்58. அதன் வால்பக்கம்தான் ஒலியை மிகக் குறைவாக வாங்கும். அந்த வாலுக்கு நேர் எதிரே ஸ்பீக்கர் இருந்தால் கூவல் எளிதில் வராது. பக்கவாட்டில் நகர்த்தினீர்களோ, "கொய்ங்" என்று ஆரம்பித்துவிடும்.

குறை என்றால் சேனல்கள்தான். மைக் செருக இரண்டு. மூன்றாவது புளூடூத்துக்கும் ஆக்ஸ் வயருக்கும் மட்டும். மூன்று குரலும் ஆர்மோனியமும் இருந்தால் பல மைக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் சின்ன மிக்சர் ஒன்று தனியாகக் கட்டாயம். மைக்குக்கு வயர் வழியே மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேண்டம் பவரும் இல்லை. அந்த மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக் வைப்பவர்கள் அதையும் மிக்சரிலிருந்துதான் எடுக்க வேண்டும். இந்தத் தொந்தரவே வேண்டாம் என்பவர்கள் ஜேபிஎல் இயோன் ஒன் காம்பேக்டைப் பாருங்கள்: நாலு சேனல், ஒன்றில் ஃபேண்டம் பவர், கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி, எடை எட்டு கிலோ. நான் இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டேன். தாரஸ்தாயியில் பெண்குரல் எனக்கு எஸ்1-இல்தான் இதமாக இருந்தது. உங்கள் காதுக்கு வேறு மாதிரி படலாம்.

சுருதிக்குக் கைப்பேசித் தம்பூரா, புளூடூத் வழியாக. புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாகத்தான் வரும். தொடர்ந்து ஒலிக்கும் தம்பூராவுக்கு அதனால் பாதகமில்லை. கைப்பேசியை ஃபிளைட் மோடில் போட்டு, புளூடூத்தை மட்டும் திறந்துவையுங்கள். விருத்தத்தின் நடுவே அழைப்பு மணி வந்தால் பாடுபவரின் மனம் கலைந்துவிடும்.

பேட்டரி 11 மணி நேரம் வரை வரும் என்பது கம்பெனிக் கணக்கு. வால்யூம் ஏற ஏற அது குறையும், வயது ஏறினாலும் குறையும். எங்கள் மாலை நிகழ்ச்சிகளுக்கு இன்றும் தாங்குகிறது. வெயிலில் நிற்கும் காரின் பூட்டில் விட்டுவைக்காதீர்கள், முழுக்கத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் மூடியும் வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு இரண்டும் ஆகாது. டிசம்பர் மழையில் கீழ்த்தளத்துக்குள்ளேயே சாரல் அடிக்கும். இது மழை தாங்கும் பெட்டி இல்லை, ஓரத்தில் வைக்க வேண்டாம்.

நண்பரின் போஸ் எல்1 புரோ8 ஸ்பீக்கரையும் இரவல் வாங்கிப் பயன்படுத்தினோம். மெல்லிய தூண் போல நிற்கும். பக்கவாட்டில் 180 பாகை விரியும். கூரைக்கும் தரைக்கும் போகும் ஒலி குறைவு. அதனால் கீழ்த்தளத்தில் இதுவே சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன். எங்களுக்குப் பின்னால் நிறுத்தினோம். சபைக்குக் கேட்பதே எங்களுக்கும் கேட்டது. ஆனால் பேட்டரி கிடையாது, எடை 17 கிலோ. நிலையான இடத்தில் பாடும் குழுவாக இருந்து கரண்டும் கிடைத்தால் இதையே வாங்குங்கள்.

2023-இல் எஸ்1 புரோ பிளஸ் வந்துவிட்டதால், பழைய மாடலைச் செகண்ட் ஹேண்டில் தேடுவதும் நல்ல யோசனைதான். சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கடைகளுக்குப் போனாலும் சரி, கரோசல் இணையச் சந்தையில் பார்த்து ஒருவர் வீட்டுக்குப் போனாலும் சரி, உங்கள் மைக்கையும் உங்கள் பாடகரையும் அழைத்துப் போங்கள். பக்கவாத்தியம் இல்லாமல் ஒரு விருத்தம் பாடச் சொல்லிவிட்டு, தூரத்து மூலையில் நின்று கேளுங்கள். லகரமும் ளகரமும் ழகரமும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். வால்யூம் பாதியைத் தாண்டுமுன் அது நடந்தால் வாங்கலாம். முக்கால் வரை ஏற்ற வேண்டியிருந்தால், அதைவிடப் பெரிய இடத்துக்கு அந்தப் பெட்டி ஒன்று மட்டும் போதாது. இரண்டாவது ஒன்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.