டெர்ரா: கோப்பைத் திறந்ததும் பெயரைத் தட்டிப் பாருங்கள்

ஆர் என்ற நிரல்மொழியில், கட்டம் கட்டமாக மதிப்பு வைத்த வரைபடக் கோப்புகளைக் கையாள பழைய 'ராஸ்டர்' பொதியைத்தான் வருஷக்கணக்கில் பயன்படுத்தினேன். இத்தகைய கோப்புகளைப் படிக்க உதவிய 'ஆர்ஜிடால்' பொதி 2023-இல் விலக்கப்பட்டபோது, ராஸ்டருக்கு அடுத்து வந்த டெர்ரா பொதிக்கு வந்தேன். இரண்டையும் எழுதியவர் ராபர்ட் ஹெய்மன்ஸ்தான் என்பதால் கை பழக நாளாகவில்லை.

நீலகிரிச் சரிவுகளைக் கணக்கிடுவது என் வேலை. அதற்கு எடுப்பது 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு. வடக்கு 11 பாகை, கிழக்கு 76 பாகை என்ற ஒரு துண்டிலேயே 3601 வரிசை, 3601 நெடுவரிசை. கிட்டத்தட்ட 1 கோடியே 30 லட்சம் கட்டங்கள். 'ராஸ்ட்' கட்டளை கொடுத்தால் சட்டென்று திறந்துவிடும். மதிப்புகளை அப்போதே நினைவகத்தில் ஏற்றாமல், கோப்பின் தலைப்புத் தகவலை மட்டும் படிக்கிறது. மதிப்புகள் தேவைப்படும்போதுதான் எடுக்கும்.

அப்புறம், திறந்த கோப்புக்கு ஆரில் நீங்கள் வைத்த பெயரை மட்டும் தட்டி எண்டர் அடியுங்கள், கோப்பைப் பற்றிய சுருக்கம் சில வரிகளில் வரும். எனக்கு இந்தப் பொதியில் மிகவும் பிடித்தது அந்தச் சில வரிகள்தான். மேற்கு எல்லை 75.99986 என்று வரும். ஏன் சரியாக 76 இல்லை? 76-இல் இருப்பது கட்டத்தின் நடுப்புள்ளி, விளிம்பு அரைக் கட்டம் வெளியே தள்ளி நிற்கிறது. பக்கத்துத் துண்டோடு ஒரு நெடுவரிசை ஒன்றன்மேல் ஒன்று விழுவதும் இதனால்தான். இது புரிய எனக்குப் பல மாதம் ஆனது. இங்கே ஒரே வரியில் தெரிகிறது.

போன வருஷம் ஓரிடத்திலிருந்து இதே பகுதிக்கு வேறொரு கோப்பு வந்தது. குறைந்த மதிப்பு -32768 என்று காட்டியது. அளவு கிடைக்காத கட்டங்களுக்கு வைத்த எண் அது, ஆனால் அதை விடுபட்டதாகக் கொள்ளச் சொல்லும் குறிப்பு கோப்பில் இல்லை. பார்க்காமல் சராசரி உயரம் எடுத்திருந்தால் அறிக்கையே பாழாகியிருக்கும். அந்த எண்ணை விடுபட்டதாகக் கொள்ளச் சொல்லும் 'என்ஏஃபிளாக்' ஒரு வரி போட்டேன், சரியாகிவிட்டது.

குறையும் உண்டு. புள்ளிவிவரம் சேர்த்து வைக்காத கோப்பில் குறைந்த, அதிக மதிப்புகள் வராது. 'செட்மின்மேக்ஸ்' போட்டுத்தான் வாங்க வேண்டும். பெரிய கோப்புக்கு 'சம்மரி' கேட்டால் மாதிரி எடுத்துத்தான் சொல்லும். பத்துப் பதினைந்து கெட்ட கட்டங்கள் அதில் தப்பிவிடலாம், அதனால் எல்லாக் கட்டங்களையும் கணக்கில் எடுக்கும் 'குளோபல்' கட்டளையைத்தான் நான் நம்புகிறேன். ஆர் அமர்வைச் சேமித்துவிட்டு மறுநாள் திறந்தால் டெர்ரா பொருள் செத்துக் கிடக்கும், கோப்பிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். மூன்று கட்டளைதான், ஸ்கிரிப்டின் தலையிலேயே எழுதி வைத்துவிட்டேன்.