பழைய பேஸ்பால் கார்டு ஏலம்: 640 டாலர் போச்சு, நீங்களாவது தப்பிச்சுக்கோங்க

ஏலத் தளத்துல போலி கார்டை வாங்கி ஏமாந்து புகார் கொடுத்திருந்தேன், அதை மூடிட்டோம்னு இன்னிக்குக் காலையிலதான் மெயில் வந்தது. வயிறு எரியுது. போலி கார்டைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு விவரமா எழுதறேன், அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லிடறேன்.

நியூஜெர்சியில இருக்கோம், வீட்டுல எல்லாருக்கும் நியூயார்க் பேஸ்பால் டீம் மெட்ஸ் மேல பைத்தியம். பந்து வீசற நோலன் ரயனோட ரூக்கி கார்டு, அதாவது அவர் படம் போட்டு வந்த முதல் கார்டு மேல எனக்கு ரொம்ப நாளா கண்ணு. 1968-ல் டாப்ஸ் கம்பெனி போட்டது, நம்பர் 177. ஜெர்ரி கூஸ்மனும் ரயனும் ஒரே கார்டுல இருப்பாங்க. ரயன் 5,714 ஸ்ட்ரைக்-அவுட் (பந்தை அடிக்க விடாம ஆட்டக்காரரை அவுட் ஆக்கறது) எடுத்த மனுஷன், அந்தச் சாதனை இன்னும் அவர் பேர்லதான் இருக்கு. பளிச்சுனு இருக்கிற கார்டு நமக்கு எட்டாது. மூலை தேய்ஞ்சது ஒண்ணு ஒரு பெரிய ஏலத் தளத்துல வந்தது. 640 டாலருக்கு எனக்கு விழுந்தது.

விற்றவன் எழுதியிருந்ததைக் கேளுங்க. அப்பா தவறிட்டாராம், பரணை ஒழிக்கும்போது ஷூ டப்பாவுல கிடைச்சதாம். டப்பாவோட படமும் இருந்தது, உள்ளே அதே வருஷத்துச் சாதாரண கார்டுகள். அதெல்லாம் அசல்! அதான் தூண்டில். ஓரத்தைக் கிட்டத்துல படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அரை மணியில வந்தது, கூடவே "விளையாட்டை நேசிக்கிற வீட்டுக்குப் போகுது, அப்பா சந்தோஷப்படுவார்"னு ஒரு வரி. இதுக்கப்புறம் யாருக்குச் சந்தேகம் வரும்? தளத்துல அவனுக்கு நூத்துக்கு நூறு நல்ல பேர் வேற. அத்தனையும் போன் கவரும் சார்ஜரும் வித்து வாங்கின பேர்.

கார்டு வந்ததும் பக்கத்துல இருக்கிற கார்டு கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் லென்ஸை வச்சுப் பார்த்துட்டு, பேசாம என்கிட்ட நீட்டினார். பேர் எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியா உடைஞ்சு கிடக்கு. அசல்ல எழுத்து கெட்டியா, ஒரே மையா இருக்கும். இது அசலை ஸ்கேன் பண்ணி அடிச்சது. ஓரத்துல வர்ற சாக்குத்துணி டிசைனும் கலங்கின மாதிரி இருந்தது.

விற்றவனைக் கேட்டா, "நான் நிபுணர் இல்லை, இருக்கிறபடியே விற்கிறேன்னு போட்டிருந்தேனே." தளத்துல கேட்டா, முதல்ல ஒரு ரோபோ, அப்புறம் ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள், ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்ல இருந்து கதை சொல்லணும். கார்டு அசலா, எந்த நிலையில இருக்குன்னு பார்த்துத் தரம் போடற கம்பெனியோட கடிதம் வேணுமாம். அது வர்றதுக்குள்ள கெடு முடிஞ்சு போச்சாம். கடைசியில வந்த பதில்: "படத்தில் இருந்த பொருளே வந்து சேர்ந்துள்ளது." ஆமாய்யா, படத்துல இருந்ததும் போலிதான்! 640 டாலர், நம்ம ஊர்க் கணக்குல அரை லட்சத்துக்கு மேல.

சரி, சீக்கிரமா சொல்லிடறேன். அதே வருஷத்து மலிவு கார்டு ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. அட்டை, தடிமன், அச்சு எல்லாத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. புற ஊதா விளக்குல மலிவு கார்டு மங்கலா இருந்து உங்களோடது நீலவெள்ளையா மின்னினா, புது அட்டை. அளவு எடுங்க: 1952 டாப்ஸ் செட்டை 1983-ல் அவங்களே மறுபதிப்பு போட்டாங்க, அது அசலைவிடச் சின்னது. தரம் போடற கம்பெனி பிளாஸ்டிக் உறையில சீல் வச்சதுன்னு நம்பாதீங்க, உறையிலயும் போலி இருக்கு. "இருக்கிறபடியே"ன்னு பார்த்தா ஓடிடுங்க.

மீதி அப்புறம். கிரெடிட் கார்டு பேங்க்குக்குப் போன் போட்டு லைன்ல காத்திருக்கேன், 640 டாலர் சும்மா விடற காசு இல்லை.