பிள்ளைகளின் முதல் தூண்டிலுக்கு எந்த இரை: மண்புழுவா, ஸ்பின்னரா, ரப்பர் மீனா, ரப்பர் தவளையா?

சித்திரைத் திருவிழாவுக்காகத் திறந்துவிட்ட தண்ணீர் வடிந்து, வைகையில் அங்கங்கே மடுக்கள் மட்டும் நிற்கும் நாள்களில்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. சோழவந்தான் பக்கம் முழங்காலளவுத் தேங்கலில்கூட ஜிலேபி மீனும் குரவை மீனும் சுற்றிக்கொண்டிருக்கும். போன வருஷம் அக்கா மகனையும் (வயது 11) என் மகளையும் (வயது 7) கூட்டிக்கொண்டு ஒரு வாரம் ஆற்றுக்கும் கண்மாய்க்கும் மாறி மாறிப் போனேன். நான்கு வகை இரைகளையும் இருவர் கையிலும் கொடுத்துப் பார்த்தேன். எது அதிக மீன் பிடித்தது என்ற கணக்கை மட்டும் வைத்து இதை எழுதவில்லை. எது பிள்ளையின் விரலைக் குத்தாது, எது பத்து நிமிஷத்தில் சலிப்புத் தட்டாது, எது வேரிலும் பாசியிலும் மாட்டி அழ வைக்காது என்பதையும் பார்த்தேன்.

முதலில் ஒரு விஷயம். கடைகளில் தொங்கும் செயற்கை இரைகளில் பல அமெரிக்க ஆறுகளிலும் ஏரிகளிலும் இருக்கும் பாஸ் மீனுக்காக உருவானவை. பாஸ் வைகையில் கிடையாது. குணத்தில் அதற்கு நெருக்கமானது நம் விரால். இரண்டும் மறைவில் பதுங்கியிருந்து பாய்ந்து கவ்வும். இரண்டும் முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். ஆனால் அங்கே கல்லும் தெளிந்த நீருமான ஆறுகள் பல. இங்கே விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன் என்பதால், வேறு மீன் மூச்சுத் திணறும் பாசிக்குள்ளும் ஆகாயத்தாமரைக்குள்ளும் சுகமாக இருக்கும். போதாததற்குக் கண்மாய்க்குள் சீமைக்கருவேல வேர். அதனால் அங்கே முதலிடம் பிடிக்கும் இரை இங்கேயும் பிடிக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது.

மகளுக்கு மண்புழுவும் தக்கையும்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெற்றிலைக் கொடிக்கால் வாய்க்கால் ஓரம் ஈர மண்ணைக் கொத்தினால் ஒரு கொட்டாங்குச்சி நிறையப் புழு கிடைக்கும். அந்தத் தேடலே பிள்ளைகளுக்குப் பாதித் திருவிழா. மூங்கில் குச்சி, குச்சி நீளத்துக்குத் தங்கூஸ் (நைலான் நரம்பு), மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, மிளகு அளவு ஈயம், சின்னத் தூண்டில் முள். அவ்வளவுதான். ஜிலேபியின் வாய் சின்னது. முள் பெரிதாக இருந்தால் புழுவின் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். முழுப் புழுவையும் கோர்க்கத் தேவையில்லை. சுண்டுவிரலில் பாதி நீளம் போதும், முனையில் கொஞ்சம் நெளியட்டும்.

தக்கை என்ன செய்கிறது தெரியுமா? தண்ணீருக்கடியில் நடப்பதை மேலே கொண்டுவந்து கண்ணுக்குக் காட்டுகிறது. முதலில் சும்மா ஒரு நடுக்கம். அப்புறம் இரண்டு சின்ன முக்கல். அதற்கப்புறம் தக்கை படுத்துக்கொள்ளும், இல்லையென்றால் சாய்வாக ஓடி மறையும். என் மகள் நடுக்கத்துக்கே இழுத்து நாலு முறை ஏமாந்தாள். ஐந்தாவது முறை வாயைக் கையால் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். வந்தது உள்ளங்கை அளவு ஜிலேபி. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் இன்று நம்மூர்க் குளம் குட்டையெல்லாம் நிறைந்திருக்கிறது. பிள்ளைகளின் முதல் மீனாக அதுவே அமைவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. முதுகு முள் மட்டும் குத்தும். தலைப் பக்கமிருந்து தடவி முள்ளை மடக்கிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும்.

மண்புழுவுக்கு ஒரு குறை உண்டு, அதுவும் சின்னக் குறை இல்லை. கெளுத்தியும் இதைத்தான் தேடி வரும். கெளுத்தியின் பக்கவாட்டு முள் குத்தினால் பெரியவர்களுக்கே கை கடுக்கும். புழுத் தூண்டிலில் மீசையுள்ள எது வந்தாலும் பிள்ளை தொடக் கூடாது, பெரியவர்தான் கழற்ற வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பொழுது சாயும் நேரத்தில் கெளுத்தி அதிகம் எடுக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுகிறோம்.

அக்கா மகனுக்குக் குச்சியும் தக்கையும் இரண்டாம் நாளே அலுத்துவிட்டன. அவனுக்கு எறிய வேண்டும், ரீலைச் சுற்ற வேண்டும். ஸ்பின்னரைக் கொடுத்தேன். கம்பியில் ஒரு தகடு, இழுக்கும்போது அதைச் சுற்றிச் சுழன்று மின்னும், அதிரும். இதில் பிள்ளைக்கு வித்தை எதுவும் தேவையில்லை. எறிந்து ஒரே சீராகச் சுற்றினால் தகடு தன் வேலையைத் தானே செய்யும், அந்த அதிர்வு ராடு வழியாகக் கைக்கும் வரும். அவன் முதல் நாளே கேட்டான்: “மாமா, மீன் இல்லாமலே கடிக்கிற மாதிரி இருக்கே!” ஓடுகிற தண்ணீரிலும் மணல் தரையிலும் இதற்கு இணை இல்லை. குரவையும் சின்ன விராலும் துரத்தி வந்து அடிக்கும்.

ஆனால் கடையிலிருந்து வருகிறபடியே கொடுத்துவிடாதீர்கள். முனையில் மூன்று கவர் முள் இருக்கும். எறியப் பழகுகிற பிள்ளையின் கையில் அது ஆபத்து. இரண்டாவது எறிதலிலேயே அது என் சட்டைத் தோளில் மாட்டியது. கொஞ்சம் தள்ளியிருந்தால் காது. அன்றே குறடால் இரண்டு கவரை வெட்டி எடுத்தேன், மிச்சமிருந்த ஒன்றின் எதிர்முள்ளையும் (முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சின்னக் கூர்) நசுக்கிவிட்டேன். எதிர்முள் இல்லாவிட்டால் மீன் சில நேரம் கழன்று போகும். போகட்டும். சதையில் ஏறினாலும் வந்த வழியே வெளியே வந்துவிடும் என்பதுதான் முக்கியம். இன்னொன்று, ஸ்பின்னர் சுழலும்போது தங்கூஸையும் முறுக்கிவிடும். நடுவில் ஒரு ஸ்விவல் (தானாகச் சுழலும் சின்ன இணைப்பு) கட்டாவிட்டால் அரை மணி நேரத்தில் சிக்கெடுக்கும் வேலைதான். பாசியுள்ள கண்மாயில் இது முழுத் தோல்வி. மூன்றாவது எறிதலுக்குள் தகட்டில் பாசி சுற்றி, வெறும் பாசிக்கொத்தைத்தான் இழுத்துக்கொண்டிருப்பான்.

நான் பெரிதாக எதிர்பார்க்காமல் வாங்கியது ரப்பர் மீன். விரல் நீளம், மெத்தென்று இருக்கும், வால் தட்டையாக அகன்று, இழுத்தால் தானாக ஆடும். இதை இரண்டு விதமாகக் கட்டலாம். ஈயத்தலை முள்ளில் கோர்த்தால் முள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், தரையைத் தொட்டதும் கருவேல வேரில் மாட்டும். அதை விட்டுவிடுங்கள். வளைவு அகன்ற ஒற்றை முள்ளில் தலையைக் கோர்த்து, முள்ளின் முனையைத் திருப்பி ரப்பர் முதுகுக்குள்ளேயே புதைத்துவைப்பது இரண்டாவது விதம். மீன் கவ்வி அழுத்தும்போதுதான் முனை வெளியே வரும். அதுவரை பாசியிலும் மாட்டாது, தாவணியிலும் மாட்டாது, விரலிலும் மாட்டாது. பாசிக்கும் பாதுகாப்புக்கும் ஒரே தீர்வு. பை நிறைய இருந்தாலும் விலை குறைவு. ஒன்று அறுந்துபோனால் பிள்ளை முகம் வாடுவதில்லை.

குறை என்றால், கண்ணுக்கு எதுவும் தெரியாது. தக்கையும் இல்லை, தகட்டின் அதிர்வும் இல்லை. மெதுவாகச் சுற்றி, கையில் வரும் ஒரு ‘டக்’கை உணர வேண்டும். ஏழு வயதுக்கு அந்தப் பொறுமை வராது. ஜிலேபி இதைச் சீண்டாது என்பதால் வெறுங்கையோடு திரும்பும் நாளும் அதிகம். பதினொரு வயதுக்காரன் இரண்டு காலை பொறுத்திருந்தான். மூன்றாம் நாள் தென்கரைக் கண்மாய் ஓரம், பாசிக்கும் திறந்த நீருக்கும் நடுவிலிருந்த சந்தில் முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு விரால் அதை எடுத்தது. அவன் கத்தவில்லை. “மாமா... மாமா...” என்று மெல்லிய குரலில் இரண்டு முறை கூப்பிட்டான், அவ்வளவுதான்.

ரப்பர் தவளையைப் பற்றி விரால் பிடிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வார்கள். உள்ளே காலியான ரப்பர் உடம்பு, முதுகோடு ஒட்டி மேல் நோக்கிய இரட்டை முள். ஆகாயத்தாமரை மேலேயே இழுத்து வரலாம். விரால் கீழிருந்து வெடித்து அடிக்கும் காட்சியை ஒரு தடவை பார்த்த பிள்ளைக்கு ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் பிடிப்பது கடினம். அடித்த உடனே இழுத்தால் தவளை வெறுமனே பறந்து வரும். ஒரு மூச்சு பொறுத்து, பிறகு பலமாக வெட்டி இழுக்க வேண்டும். விராலின் தாடை கெட்டி. பிள்ளைக்குக் கொடுக்கும் மெல்லிய ராடால் முள்ளை ஏற்ற முடியாது. தடித்த பின்னல் நூலோ பிஞ்சு விரலை அறுக்கும். நான் எறிந்து, அவனைச் சுற்றவிட்டேன். ஆறு முறை விரால் அடித்தது, ஒரு மீன்கூட மாட்டவில்லை. ஆனாலும் அவன் கேட்டுக்கொண்டே இருந்தது தவளையைத்தான்.

தவளையில் எனக்கு இன்னொரு தயக்கம். மழைக்காலத்தில் செம்மண் நிறத்தில் ஒரு குஞ்சுக்கூட்டம் நீர்மட்டத்தில் கொதிப்பதுபோல் நகரும். கீழே தாயும் தகப்பனும் காவல். அதன் மேல் தவளையைப் போட்டால் பசியில்லாமலேயே அடிக்கும், சுலபமாக மாட்டும். பெற்றது போனால் குஞ்சு முழுக்க மற்ற மீன்களுக்கு இரை. அந்தக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போக வேண்டும் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

கடின பிளாஸ்டிக் மீன்கள் பார்க்க அழகு. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கவர் முள். பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

எந்த இரையாக இருந்தாலும், கண்மாய் குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் தெரியாது; கரையிலிருந்துதான் எறிய வேண்டும். வைகை அணை 66 அடியைத் தொட்டு முதல் வெள்ள எச்சரிக்கை வந்துவிட்டால் ஆற்றுப் பக்கமே போக வேண்டாம். அறுந்த தங்கூஸை ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மதுரைப் பக்கம் வண்டியூர், சாமநத்தம் கண்மாய்களில் இரை தேடும் நீர்க்காகமும் நாரையும் அதில் கால் சிக்கினால் மீள முடியாது.

இந்த விடுமுறைக்கும் இருவரும் வருகிறார்கள். மகளுக்கு மயிலிறகுத் தக்கை இரண்டு செய்துவைத்துவிட்டேன். அவனுக்கு 12 வயதாகிறது. ரப்பர் மீன் ஒரு பையோடு, கொஞ்சம் விறைப்பான ராடும் ஒரு தவளையும் எடுத்துவைத்திருக்கிறேன்.