ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 1966: மூன்று வருடம் ஓட்டிய பிறகும் உள்ளே மழைத் தண்ணீர்

போன வாரம் நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். "மக்கா, பளுகல் பக்கத்துல ஒரு வீட்டு ஷெட்டுல பழைய ஹெரால்ட் கார் கிடக்கு, ரெண்டு லட்சம் சொல்லுதான், எடுக்கலாமா?" முக்கால் மணி நேரம் பேசியும் சொல்ல வேண்டியதில் பாதிகூட முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். இன்று காலையில் என் ஷெட்டைத் திறந்து பார்த்தால் என் ஹெரால்டுக்குள் இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கிறது. ராத்திரி ஐப்பசி மழையில் ஓட்டிவந்து நிறுத்தியது. விரித்திருந்த கயிற்றுப் பாயை எடுத்துப் பிழிந்து மதில்மேல் காயப்போட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபம் இருக்கிறது. முடிந்தவரை நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

என்னுடையது இரண்டு கதவு வண்டி, சென்னையில் செய்தது, 948 சிசி. மற்ற விவரமெல்லாம் இந்த வண்டியைத் தேடுகிறவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அம்பாசிடர், பியட் மாதிரி இது தெருவுக்குத் தெரு ஓடிய வண்டி இல்லை. ஸ்டாண்டர்ட் கம்பெனி 1988-ல் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. அதனால் உதிரி பாகம் என்றால் ஒன்று யாராவது ஒருவருடைய ஷெட், இல்லையென்றால் இங்கிலாந்து. இது தெரிந்துதான் 2019-ல் கேரளாவில் நெய்யாற்றின்கரையில் 1,40,000 கொடுத்து எடுத்தேன். மேற்கொண்டு நாலு லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். இன்றைக்கு நோட்டில் மொத்தம் 8,70,000 என்று நிற்கிறது, வண்டி விலையையும் சேர்த்து.

எல்லோரும் பயமுறுத்துகிற பெரிய வேலைகளில் எனக்குப் பணம் பெரிதாக எகிறவில்லை. இன்ஜின், கிளட்ச், டிங்கரிங், சீட் எல்லாம் ஆசான் முதலில் சொன்ன தொகைக்குப் பக்கத்திலேயே முடிந்தன. (பாறசாலையில் இருக்கும் அந்த எழுபது வயது மெக்கானிக்கை எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். இளவயதில் ஹெரால்டிலேயே வேலை படித்தவர்.) ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் வருடத்தோடு நின்றுபோனதால், அதை நம்பிச் செய்த பழைய இன்ஜின் ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் தேய்ந்துவிடும். லேத்தில் கொடுத்து கடினமான சீட் வளையம் போட்டேன். அதுவும் எதிர்பார்த்த செலவுதான். டயரில் மிச்சமே பிடித்தேன். பழைய 5.20-13 அளவுக்குப் பதிலாக இப்போதைய ஆல்டோ கே10-க்கு வரும் 145/80 ஆர்13 போட்டு ஓட்டுகிறேன், எந்தக் கடையிலும் கிடைக்கிறது.

பணம் போனது தண்ணீரில். ஹெரால்டின் பாடி ஒரே துண்டு கிடையாது. அடியில் தனியாக சேஸ் என்கிற இரும்புச் சட்டம், அதன்மேல் முன்பாதி, பின்பாதி, கூரை என்று எல்லாம் போல்ட் போட்டுச் சேர்த்தது. கழற்றி வேலை செய்ய இதைவிட வசதியான வண்டி இல்லை. ஆனால் சேருகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரப்பர் வேண்டும், அறுபது வருடத்தில் அந்த ரப்பர் எல்லாம் கல்லாகிப் போயிருக்கும். வறண்ட ஊர்க்காரர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. குமரி மாவட்டத்தில் இருக்கும் நமக்கு ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. வண்டி காய்வதற்கு மூன்று நான்கு மாதம்தான்.

முதலில் முன் கண்ணாடியைச் சந்தேகப்பட்டோம். கண்ணாடியைச் சுற்றிப் போடும் ரப்பர் பட்டை, மீட்டர் கணக்கில் விற்கும் பீடிங், 1,200 ரூபாய்க்கு வாங்கிப் போட்டோம். மூலையில் உட்காரவே இல்லை, முதல் மழையில் டேஷ்போர்டு மேல் வழிந்தது. சரி என்று இங்கிலாந்திலிருந்து இதற்கென்றே வார்த்த பீடிங்கை வரவழைத்தேன். பொருளின் விலை நாலாயிரத்துச் சொச்சம். பார்சல் கூலி, சுங்க வரி, கூரியர்காரர்கள் போடுகிற கட்டணம் எல்லாம் சேர்ந்து வீட்டு வாசலுக்கு வரும்போது 11,400. அதை மாட்டுவதற்காகக் கண்ணாடியைக் கழற்றிய நேரத்தில், ஓரத்தில் லேசாக ஒரு தட்டு விழ, மொத்தக் கண்ணாடியும் கல்கண்டு மாதிரி உதிர்ந்து சீட் முழுக்கக் கொட்டியது. பக்கத்தில் நின்ற எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. ஆசான் அன்றைக்கு மதியச் சாப்பாட்டையே தொடவில்லை. கோயம்புத்தூரில் ஒருவரிடம் பழைய கண்ணாடி ஒன்று இருந்தது, 6,000. அதை மெத்தையில் சுற்றி, காரின் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுவந்த போக்குவரத்துச் செலவு 7,000.

கண்ணாடி எடுத்ததும் இன்னொன்று தெரிந்தது. பழைய பீடிங்குக்கு அடியில் ஃப்ரேம் முழுக்கத் துரு. விரலால் அழுத்தினால் பொடிந்தது. இரண்டு வருடம் முன்புதான் பெயிண்ட் அடித்த வண்டி. வெட்டி, வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, அந்த இடத்தில் மட்டும் அடித்தால் நிறம் ஒட்டவில்லை. கடைசியில் வண்டி முழுக்க மறுபடி அடித்தோம். 62,000. இந்த ஒரு வரிக்காகவே நண்பனை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்: பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் கண்ணாடியை எடுத்துவிடு. எந்த டிங்கரிங் கடையிலும் தானாகச் சொல்ல மாட்டார்கள், கண்ணாடியைச் சுற்றிப் பேப்பர் ஒட்டி அடித்துக் கொடுத்துவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு அடுத்த மழையில் டிரைவர் பக்கம் தரை நனைந்தது.

அப்போதுதான் ஆசான் ஒரு வழி சொன்னார். டேஷ்போர்டுக்கு அடியில், வயர் போகும் இடம், ஓரம் எல்லாவற்றிலும் குழந்தைகளுக்குப் போடும் பவுடரைத் தூவினோம். நான் உள்ளே மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்க்க, வெளியே தம்பி மகன் ஹோஸில் தண்ணீர் பிடித்தான். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் வைப்பர் தண்டு வெளியே வரும் ஓட்டையில் ஒரு சொட்டு திரண்டது. விழும் என்று பார்த்தேன், விழவில்லை. பின்னால் சரிந்து, வயர் கட்டின்மேல் ஏறி, வெள்ளைப் பவுடரில் ஒரு கறுத்த கோடு போட்டபடி ஒரு முழம் தூரம் நடந்து, ஃப்யூஸ் பக்கத்தில் வளைந்து, கிளட்ச் பெடலுக்கு மேலே வந்து சொட்டியது. ஒரு வருடமாக நான் தரையில் தேடிக்கொண்டிருந்த தண்ணீர் வந்த வழி அது. எழுந்து உட்கார்ந்தபோது முகமெல்லாம் பவுடர். அவ்வளவு சந்தோஷம் இன்ஜின் முதல்முறை ஸ்டார்ட் ஆன அன்றுகூட எனக்கு இல்லை.

வைப்பர் தண்டுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. அந்த அளவில் எங்கும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் ரப்பர் நிற்கிறது, குலசேகரம் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் பொருள் அடிக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள் இருக்கின்றன, பிறகு எதற்கு இங்கிலாந்து என்று ஒரு பட்டறையில் போய்க் கேட்டேன். செய்து தருகிறோம், ஆனால் டை, அதாவது ரப்பரை அடிக்கும் அச்சு, வெட்ட வேண்டும் என்றார்கள். வைப்பர் வாஷருக்கு ஒன்று, பாடி சேரும் இடத்துப் பட்டைக்கு ஒன்று, இரண்டு டைக்கும் சேர்த்து 17,000. செய்த வாஷர் ஒன்றுக்கு நாற்பது ரூபாய்கூட ஆகவில்லை. அதோடும் முடியவில்லை. முதலில் நம் தோட்டத்து இயற்கை ரப்பரில் அடித்தது ஒரு வருட வெயிலில் மேலெல்லாம் வெடித்துவிட்டது. வெயிலும் மழையும் படுகிற இடத்துக்கு ஈபிடிஎம் ரப்பர், பெட்ரோலும் ஆயிலும் படுகிற இடத்துக்கு நைட்ரைல் என்று எனக்குப் புரியவைத்தவர் அந்தப் பட்டறைக்காரர்தான். இரண்டாவது முறை அடித்ததற்குக் கூலியே வாங்கவில்லை. இப்போது யாருக்கு வேண்டுமானாலும் அந்த டையில் அடித்துக்கொள்ளலாம், என்னைக் கேட்டால் போதும்.

வலது பக்கம் அத்தோடு நின்றது. இடது பக்கம் நிற்கவில்லை. ஊறிய கார்ப்பெட்டை இரண்டு முறை தூக்கிப் போட்டுவிட்டுத்தான் கயிற்றுப் பாய்க்கு வந்தேன், கார்ப்பெட்டில் 19,000. தண்ணீருக்காக மட்டும் செய்த செலவைத் தனியாகக் கூட்டினேன்: 1,23,600. வண்டியையே 1,40,000-க்குத்தான் வாங்கினேன்.

அடுத்தது காகிதம். நண்பன் பார்த்திருப்பதும் கேரளா நம்பர் வண்டிதான் என்பதால் இதைக் கவனமாகப் படிக்கட்டும். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் இங்கே பதிய வேண்டும், அதற்கு அந்த மாநிலத்திலிருந்து என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வேண்டும். என் வண்டியின் பதிவு கையால் எழுதிய பழைய ரிஜிஸ்டரில் இருந்தது, கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. அதை ஏற்ற பேக்லாக் என்ட்ரி என்று ஒன்று போட வேண்டும், அதற்காகக் கேரளா ஆர்டிஓ ஆபீசுக்குப் பதினொரு முறை போனேன். ஆர்சி புக்கில் பெயர் இருந்தவர் இறந்துபோயிருந்தார். வாரிசுகளில் ஒருவர் மஸ்கட்டில். அவர் ஊருக்கு வந்து கையெழுத்துப் போட எட்டு மாதம் காத்திருந்தேன். அதற்குள் 2022 ஏப்ரல் வந்துவிட்டது. 15 வருடம் கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆனது, தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500 வேறு. இப்போது 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 10,000 ஆக்கியிருக்கிறார்கள், 2027-ல் மறுபடி புதுப்பிக்கும்போது எனக்கு அது வரும். 50 வருடம் தாண்டியதால் விண்டேஜ் வண்டியாக விஏ நம்பர் வரிசையில் பதியலாமே என்று சிலர் சொன்னார்கள். புதிதாகப் பதிய 20,000 கட்டணம், அது போகட்டும், அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று இதற்கெல்லாம்தான் ரோட்டில் எடுக்கலாம். மகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுவதற்கும் சந்தைக்குப் போவதற்கும் வாங்கிய வண்டி இது. வேண்டாம் என்றுவிட்டேன்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் கீழ்முனை மரை போட்டு ஒரு வெண்கலக் கட்டைக்குள் இறங்கியிருக்கும், ட்ரன்னியன் என்பார்கள். அதற்குள் கிரீஸ் போகக் கூடாது, ஈபி 90 கியர் ஆயில்தான் போக வேண்டும். முன்னால் வைத்திருந்தவர்கள் வருடக்கணக்கில் கிரீஸ் அடித்திருக்கிறார்கள். கிரீஸ் உள்ளே இறுகி, தண்ணீர் புகுந்து, மரை இருந்த இடம் துருவாகியிருந்தது. அப்படியே ஓட்டினால் ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடிந்துவிடும். ஆசான் அதைக் கையில் வைத்துக் காட்டி, "மோனே, கிரீஸ் அடிக்கருது, ஓயிலாணு வேண்டது" என்று மூன்று முறை சொன்னார். இரண்டு பக்கமும் மாற்ற, வரியோடு 31,000. இந்தச் செலவில் எனக்கு வருத்தமே இல்லை. பளுகல் வண்டியிலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பெட்ரோல் பம்புக்குள் இருந்த பழைய டயஃப்ரம், அதாவது ரப்பர் சவ்வு, இளகி, தக்கலை பக்கத்தில் நடுரோட்டில் நின்றேன். ஹோஸ் முதற்கொண்டு எத்தனால் தாங்குகிறதாக மாற்றிவிட்டேன். செலவு சின்னதுதான், மகள் சீருடையோடு வெயிலில் நின்றதுதான் கஷ்டமாக இருந்தது.

இனி நல்லதையும் சொல்ல வேண்டும். இதுபோல் திரும்பும் வண்டியை நான் ஓட்டியதில்லை. சுமார் 25 அடி விட்டத்துக்குள் முழுவட்டம் அடித்துவிடும், ஏழரை மீட்டர்தான். ஆல்டோவுக்கே ஒன்பது மீட்டர் வேண்டும். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் ஆட்டோவோடு ஆட்டோவாகத் திரும்புகிறேன். பானெட், இரண்டு மட்கார்டோடு சேர்த்து மொத்தமாக முன்னால் சாயும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே பிளக் மாற்றலாம், டிஸ்ட்ரிபியூட்டர் பார்க்கலாம். மைக்கலாட்டி என்ற இத்தாலிக்காரர் வரைந்த உருவம். மெலிந்த தூண்கள், சுற்றிலும் கண்ணாடி, உள்ளே உட்கார்ந்தால் ரோடு முழுக்கத் தெரியும். பேச்சிப்பாறை வளைவுகளில் மட்டும் நிதானம் வேண்டும். வேகமாகத் திரும்பும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தாலோ பிரேக் போட்டாலோ பின் சக்கரங்கள் உள்ளே மடிகிற மாதிரி போகும், இதன் பின் ஆக்ஸில் அமைப்பு அப்படி. மற்றபடி மாலையில் ஜன்னலை இறக்கிவிட்டு அணைக்கட்டு வரை போய்வந்தால் அன்றைய அலுப்பெல்லாம் போய்விடும். மகள் ஸ்விஃப்ட்டில் ஏற மாட்டேன் என்கிறாள்.

இவ்வளவு சொன்ன பிறகும், மக்கா, அதை எடுக்காதே. உனக்கு ஷெட் இல்லை, வண்டி தென்னை மரத்தடியில் மழையில் நிற்கும். ஒரு வருடம் வேலைக்கு லீவு போடவும் உன்னால் முடியாது. ரெண்டு லட்சத்துக்கு வாங்கி நாலு லட்சம் போட்ட இடத்தில் பாதியில் நிறுத்துவாய், அப்புறம் அதை எடுக்க ஆள் கிடைக்காது. காலையில் பாயைப் பிழிந்த கையோடு சொல்கிறேன், வேண்டாம்.

ஆனால் அந்த ஆளிடம் வண்டியை ஷெட்டை விட்டு வெளியே தள்ள வேண்டாம் என்று சொல்லி வை, பழைய இரும்புக்காரன் யாரும் பார்ப்பதற்குள். ஞாயிற்றுக்கிழமை ஆசானையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். இடது கதவுக்குக் கீழே, முன்பாதியும் பின்பாதியும் சேரும் இடத்தில் கம்பெனியில் போட்ட பட்டை அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் வண்டியில் அந்த இடத்தில் யாரோ தார் பூசி வைத்திருந்தார்கள், மூலப் பட்டை எப்படி மடிந்து உட்காரும் என்று ஆசானுக்கே நினைவில்லை. பவுடர் டப்பாவும் டார்ச்சும் நான் எடுத்துவருகிறேன்.