ஸ்டாண்டர்டு ஹெரால்டு: தெருவில் இன்னும் ஓடும் வண்டலூர் கார்

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பழைய கார்கள்தான். ஆனால் பல பத்தாண்டுகள் தயாரிப்பில் இருந்தவை என்பதால் இன்றும் ஊருக்கு ஊர் கண்ணில் படுகின்றன. அவற்றோடு ஒரே காலத்தில் இந்தியச் சாலைகளில் ஓடிய மூன்றாவது கார், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் வாரிசான கெசலும் 1977இல் நின்றுபோனதால், மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட பழைய பதிவெண்ணோடு காய்கறிக் கடை வாசலில் ஒரு ஹெரால்டு நிற்கக் காண்பது இப்போது அபூர்வம். அப்படி ஒன்றைப் பார்த்து, ‘இதை வாங்கித் தினமும் ஓட்ட முடியுமா’ என்று ஆசைப்படுபவர்களுக்காகவே இந்த மதிப்புரை. கண்காட்சியில் மெருகேற்றி நிறுத்திய ஹெரால்டை அளக்கும் கோல் வேறு, அன்றாடம் ஓடும் ஹெரால்டை அளக்கும் கோல் வேறு. இரண்டாவதே இந்தக் காருக்கு நியாயமானது என்பது என் கருத்து.

இதன் மூல வடிவம் இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிகெலோட்டி. அக்காலத்தில் மற்ற நிறுவனங்கள் உடலும் சட்டமும் ஒன்றான அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. அதைத் தயாரித்த ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனத்துக்கு உடல்பகுதி செய்து கொடுத்துவந்த ஆலையோ போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. அதனால் தனிச் சேஸி (அடிச்சட்டம்) ஒன்றைச் செய்து, வெவ்வேறு இடங்களில் தயாரான தகடுகளை அதன்மேல் போல்ட்டு போட்டு இணைத்தார்கள். நெருக்கடியில் எடுத்த அந்த முடிவுதான் இந்தக் காரை இத்தனை ஆண்டுகள் கழித்தும் காப்பாற்றிவருகிறது. முன்கதவுக்குச் சற்று முன்னால் இரு பக்கமும் உள்ள கொக்கிகளை விடுவித்துப் பானெட்டைத் தூக்கினால், மட்கார்டும் முகப்பு விளக்குகளும் சேர்ந்து முன்பகுதி மொத்தமும் முன்னோக்கிச் சாய்ந்துவிடுகிறது. மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரையும் பிளக்கையும் கழற்றிச் சுத்தம் செய்யலாம். இவ்வளவு தாராளமாக எஞ்சினை எட்டிப் பார்க்க விடும் காரை நான் வேறு கண்டதில்லை.

ஓட்டுவதில் இதன் பெரிய சிறப்பு திரும்பும் வட்டம். சுமார் 25 அடிக்குள் முழு வட்டம் அடித்துவிடும் என்பதால், இரு பக்கமும் வண்டிகள் நிற்கும் தெருவில் இன்றைய சிறிய கார்கள் கூட முன்னும் பின்னும் போய்வர வேண்டிய இடத்தில் இது ஒரே மூச்சில் திரும்புகிறது. தூண்கள் மெலிந்தவை என்பதால் நாற்புறமும் நன்றாகத் தெரிகிறது. 948 சிசி எஞ்சின் நகருக்குள் போதுமானது. மேம்பாலம் ஏறும்போது மட்டும் பொறுமை வேண்டும். முதல் கியருக்கு, ஓடும்போதே உரசாமல் கியர் மாற்ற உதவும் சிங்க்ரோமெஷ் அமைப்பு இல்லை என்பதால், வண்டி நின்ற பிறகே அதைப் போடப் பழக வேண்டும்.

குறைகளை மறைப்பதற்கில்லை. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனி அரை அச்சுகளில், குறுக்கே போட்ட ஒரே பட்டை ஸ்பிரிங்கில் தொங்குகின்றன. நான்கு பேர் ஏறி உட்கார்ந்தால், சுமை தூக்கியவர் காலை அகட்டி நிற்பதுபோல் அவை கீழ்ப்பக்கம் விரிந்து நிற்பதைப் பின்னால் வருபவர் பார்க்கலாம். வேகமாகத் திருப்பத்தில் நுழைந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் உள்மடங்கி வண்டி நிலைகுலையவும் கூடும். 1970களின் தொடக்கத்தில் வந்த கெசலில் இதை நீக்கி, வழக்கமான ஒரே அச்சைப் பொருத்தினார்கள். ஆர்வலர்கள் இரண்டு கதவு ஹெரால்டையே தேடி ஓடுகிறார்கள், கெசலைத் தாழ்வாகப் பேசுகிறார்கள். தினமும் ஓட்டுபவருக்கு அது நான்கு கதவும் அடக்கமான பின்னச்சும் கொண்ட நல்ல கார் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

வாங்குபவர் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் முன்சக்கரங்களின் அடியில் உள்ள டிரனியன் என்ற இணைப்புப் பாகம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது செங்குத்துத் தண்டின் மரை இதற்குள்ளேதான் சுழல்கிறது. இதற்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும்; மற்ற கார்களின் பழக்கத்தில் பல பட்டறைகளில் கிரீஸை அடைத்துவிடுகிறார்கள். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காமல், நீர் தேங்கித் துரு ஏறி, ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். அடுத்துத் துரு தேட வேண்டிய இடம், சேஸியிலிருந்து இரு பக்கமும் நீளும் கைகள். மேலே பெயின்ட் பளபளத்தாலும் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. கதவு இடுக்குகள் சீராக இல்லாதது பிறவிக் குணம். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. மழையில் உள்ளே கொஞ்சம் ஒழுகுவதும் அப்படியே.

உதிரிபாகம் பலர் நினைப்பதைவிட எளிது. முன்சக்கர அமைப்பிலும் பிரேக்கிலும் பல பாகங்கள் அதே நிறுவனத்தின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரோடு பொதுவானவை என்பதால் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. இந்தியாவுக்கென்றே செய்த நான்கு கதவு வண்டியின் பின்கதவும் கெசலின் முகப்பும் அப்படியல்ல. அவை நசுங்கினால் டிங்கரிங் செய்பவரின் கைத்திறனைத்தான் நம்ப வேண்டும்.

பதிவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 50 ஆண்டைத் தாண்டிய, அசல் நிலை மாறாத கார்களுக்கு 2021ஆம் ஆண்டு விதிகளின்படி 20,000 ரூபாய் கட்டணத்தில் ‘விஏ’ வரிசைப் பதிவெண் கிடைக்கும். ஆனால் அந்தப் பதிவு பெற்ற வண்டியைப் பேரணி, கண்காட்சி, பராமரிப்பு போன்றவற்றுக்கு எடுக்கலாமே தவிர, அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட அனுமதி இல்லை. எனவே தினமும் ஓட்ட நினைப்பவர், சாதாரணப் பதிவு விடாமல் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று ஆர்சியை வாங்கிப் பார்த்துவிட்டே பேச்சைத் தொடங்க வேண்டும். அப்படி ஒரு ஹெரால்டும் ஒரு கெசலும் ஒரே விலைக்கு வந்தால், பெயின்ட் மங்கியிருந்தாலும் நான் கெசலையே எடுப்பேன்.